அறுபத்திரண்டு கிலோ

மாமா சாகும்போது அவருடைய எடை எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இருந்திருக்க முடியாது. முப்பத்தோரு வருடம் எடை பார்த்தே வாழ்ந்த மனிதர்.

பால் குளிரூட்டும் நிலையத்தில் அவருக்கு வேலை. பண்ணைகளிலிருந்து நாற்பது லிட்டர் அலுமினியக் கேன்களில் பால் வரும். தரையோடு தரையாகப் பதித்த தராசு மேடையில் கேனைச் சாய்த்து உருட்டிக்கொண்டுவந்து நிறுத்துவார்கள். தராசு கிலோவில்தான் பேசும். ரசீதோ லிட்டரில் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மர ஸ்டூலில் மாமா உட்கார்ந்திருந்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவும் முப்பது கிராமும். கேனின் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்றால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேஜையில் கால்குலேட்டர் உண்டு. அதன் மேல்தான் டீ டம்ளரை வைப்பார். கண்ணை ஒரு தடவை மேலே உருட்டுவார், அவ்வளவுதான், கணக்கு வந்துவிடும். நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'சைபர்மூணு' என்பார்கள். "சைபர்மூணு வந்தாச்சா, கேனை ஏத்தலாமா?" போன் வந்தால்கூட அவரே அப்படித்தான் சொல்வார்: "ஆமா, சைபர்மூணுதான் பேசறேன்."

வேலையை வீட்டு வாசலில் கழற்றிவைக்கும் ஆளில்லை. எண்ணெய் பாக்கெட்டைக் கண்டால் திருப்பிப் பார்ப்பார்.

"ஒரு லிட்டர்னு தூக்கிட்டு வர்றே. உள்ள இருக்கறது தொள்ளாயிரத்துப் பத்து கிராம்தான், தெரியுமா?"

"நான் பொரிக்கிறதுக்கு வாங்கறேன். நிறுக்கிறதுக்கு இல்ல," என்பாள் அத்தை.

"தேன்னா ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒண்ணு நானூறு வரும்."

"வரட்டும். வந்து உக்காரட்டும். நீங்க தள்ளுங்க, வழியில நிக்காதீங்க."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது, அவருடைய தங்கை மகன் என்ற உரிமையில் முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். வீடு சின்னது என்பதால் யார் பேசுவதும் எல்லாருக்கும் கேட்கும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசாமல் இருப்பதே ஒருவிதமான உதவி என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அடிக்கடி சொல்லும் நிலையத்துக் கதை ஒன்று உண்டு. ஒரு பண்ணைக்காரர், கேனிலிருந்து பத்து லிட்டர் பாலை எடுத்துவிட்டுப் பத்து லிட்டர் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்தாராம். "கழுத்து வரைக்கும் ரொம்பியிருக்கு. தராசுல ஏத்தறேன். எவ்வளவு குறையும் சொல்லு பாக்கலாம்?" என்று என்னைக் கேட்பார். எத்தனை தடவை கேட்டாலும் நான் தெரியாது என்றுதான் சொல்வேன். அவருக்கு அது பிடிக்கும். "முந்நூறு கிராம்டா! நாப்பது லிட்டர் கேன்ல வெறும் முந்நூறு கிராம். கேன்ல ஒரு நசுங்கல் இருந்தா அதுவே அவ்வளவு காட்டும். தராசை நம்பியிருந்தா நான் காலி." பிறகு குரலைத் தாழ்த்தி லாக்டோமீட்டரைப் பற்றிச் சொல்வார். பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய். நல்ல பாலில் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் அமிழ்ந்துபோகும். "முப்பதுல நிக்க வேண்டியது இருபத்திரண்டுக்கு இறங்கிடுச்சு. ஆளு மூஞ்சியப் பாக்கணுமே!"

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் இடத்தைத் தாண்டி ஒரு நீள அறை. ஆறு கட்டில், ஆறு மெஷின். எந்தக் காலத்திலும் அங்கே குளிரும். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கம்பளி எடுத்துவருவார்கள். வாசலிலேயே ஒரு தராசு மேடை. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

மெஷின்களைக் கவனித்துக்கொண்டவர் நாற்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மாமா அவரை 'மெஷின்காரரே' என்று கூப்பிட, அதுவே அந்த அறையில் அவர் பெயராகிவிட்டது. முதல் நாளே விளக்கினார்.

"சார், உங்க உடம்பால இனிமே தண்ணிய வெளியே தள்ள முடியாது. குடிக்கறது, சாப்பாட்டுல வர்றது எல்லாம் உள்ளயே நிக்கும். உடம்புல வேண்டாத தண்ணி ஒரு சொட்டுகூட இல்லாதப்ப என்ன எடையோ, அது ட்ரை வெயிட். உங்களுக்கு அறுபத்திரண்டு. இப்ப அறுபத்து நாலு இருக்கீங்க. அப்ப ரெண்டு கிலோ தண்ணி. மெஷின்ல ரெண்டு லிட்டர்னு போடுவேன், ரெண்டு லிட்டர் எடுத்துடும்."

"ரெண்டு கிலோ ரெண்டு லிட்டர் ஆகணும்னா அது வெறும் தண்ணியா இருக்கணும். உள்ள இருக்கறது உப்புத் தண்ணி இல்லியா? கொஞ்சம் கனம்."

மெஷின்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். "சார் எங்க வேலை பாத்தீங்க?"

"பால்ல."

"மெஷினுக்கு அவ்வளவு நுணுக்கம் பத்தாது சார். கிலோன்னா லிட்டர். அதோட விட்டுடுங்க."

"தண்ணி எடுக்காம விட்டா?"

"முதல்ல கால் வீங்கும். அப்புறம் நுரையீரல்ல நிக்கும். படுத்தா மூச்சு விட முடியாது." குரலை ஏற்றவோ இறக்கவோ இல்லை. "அதுக்கப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

சுவரில் வெள்ளைப் பலகை. கட்டில் எண்ணுக்கு நேராக அவரவர் ட்ரை வெயிட். மற்றவர்களுடையது அழித்து அழித்து எழுதியது. மாமாவுடையதை யாரோ அழியாத மையில் எழுதிவிட்டார்கள். மெஷின்காரர் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. "சார், உங்களுக்கு மட்டும் கல்வெட்டு." அறை முழுக்கச் சிரித்தது. மாமாதான் அதிகம் சிரித்தார்.

ஒரே ஒரு தடவை அவரிடமிருந்து அளவுக்கு மேல் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். ஈரமான செருப்போடு தராசில் ஏறியதால் வந்த வினை. நானூறு கிராம் கூடுதல். கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. மாமா கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து, சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் கால் வைப்பார்.

வீட்டில் அளவு அத்தையின் பொறுப்பு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் நகச்சாயத்தால் கோடுகள் போட்டிருந்தாள். காலைக் காப்பி ஒரு கோடு. மாத்திரைக்கு அரைக் கோடு. மாமா பழத்தைக்கூட நிறுத்துப் பார்ப்பார். "ஆரஞ்சு நூத்தம்பது கிராம். அதுல நூத்தி முப்பது தண்ணி. ஒரு கோடு குறைச்சுக்கோ." வெயில் நாட்களில் அவர் பாட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை சமையலறைக்குள் போய், குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, சத்தம் கேட்காமல் தண்ணீர் குடிப்பாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கணக்கு பிசகவில்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சளி, இருமல், நெஞ்சில் கபம். மூன்று வாரம். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வாய், மூன்று வாய், போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். காய்ச்சல் போனது, பசி திரும்பவில்லை. ஆனால் டயாலிசிஸுக்குப் போனால் ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் இரண்டு கிலோ ஏறி வருபவர், இப்போது ஒன்று, ஒன்றே கால். மெஷின்காரர் மாமாவைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார்: "சாரைப் பாருங்க. வாயைக் கட்டறதுன்னா இது. நீங்களும்தான் இருக்கீங்களே, குடம் குடமா ஊத்திட்டு வர்றீங்க."

மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அறைக்கே முதல் மார்க் நான்," என்றார். அத்தை பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த மார்க்கில் பாதி அவளுடையது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாமாவின் பெல்ட் எப்போதும் மூன்றாவது ஓட்டையில் நிற்கும். காய்ச்சல் முடிந்தபோது ஐந்தாவதில் நின்றது. அதற்கு மேல் ஓட்டை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை இடுக்கியில் ஆணியைப் பிடித்து அடுப்பில் காய்ச்சிப் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். தோல் கருகும் வாசனை முன்னறை வரைக்கும் வந்தது. மாமா ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். தோள் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. முகம் மட்டும் பூரித்திருந்தது. கணுக்காலில் காலுறையின் தடம் ஒரு வளையம்போல, சாயங்காலம் வரைக்கும் போகாமல் இருந்தது. நான் பார்த்தேன். எடை அதே அறுபத்திரண்டுதானே, எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "முகத்துல ஒரு களை வந்திருக்கு, தேறிட்டீங்க," என்றார்.

மெஷின்காரருக்குச் சந்தேகம் வந்தது. இதை அவருக்காகச் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை, ஊசி குத்தும்போது கையைத் தடவிப் பார்த்தார்.

"சார், கை இளைச்சிருக்கே. ட்ரை வெயிட்டை ஒரு கிலோ குறைச்சுப் பாக்கலாமா? பிபியும் ஏறியே நிக்குது."

"இளைச்சா எடை குறையணுமா இல்லியா?"

"குறையணும்."

"போன மாசம் மெஷின் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப அறுபத்திரண்டு. இன்னிக்கும் அறுபத்திரண்டுக்குத்தான் கொண்டுவரப் போறீங்க. அப்புறம் எங்க இளைச்சேன்?"

"அதில்ல சார்..."

"தராசு ஒண்ணு சொல்லுது, உங்க கை ஒண்ணு சொல்லுது. முப்பது வருஷம் நான் எதை நம்பினேன்னு நினைக்கறீங்க? ஏற்கனவே ஒரு தடவை கூட எடுத்து என் காலை முறுக்கிவிட்டது போதும்." பிறகு கொஞ்சம் சிரித்து, "கல்வெட்டை அழிக்கலாமா மெஷின்காரரே?" என்றார்.

மெஷின்காரர் டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருக்கலாம். மாதம் ஒருமுறை வரும் டாக்டர், கட்டில் கட்டிலாகக் காகிதத்தைப் புரட்டி, எடை சரியாக இருக்கிறது என்று ஒரு கோடு போட்டுவிட்டு, ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதினார். மாத்திரைக்காக அத்தை அரைக் கோடு தண்ணீரைக் காப்பியிலிருந்து கழித்தாள்.

மாமா இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். பிறகு மூன்று. பிறகு முன்னறை நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கினார். "படுத்தா நெஞ்சுல யாரோ உக்கார்ற மாதிரி இருக்கு. கபம் இன்னும் போகல," என்றார். கபம் என்று நாங்களும் நம்பினோம். மூன்று பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தோம்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழு நாள். டயாலிசிஸ்காரர்களுக்கு ஞாயிறுதான் நீளமான நாள். அந்த ஞாயிறு மத்தியானம் மாமாவால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று சொல், மூச்சு, மூன்று சொல், மூச்சு. உதட்டோரம் நுரை கட்டியது.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். டேய், அவருக்குப் பேண்ட்டை மாட்டு," என்றாள் அத்தை.

நான் மாட்டினேன். பெல்ட்டை இழுத்து அந்தக் கருகின ஓட்டையில் ஊசியைக் கோத்தபோதும் இடுப்பில் இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது. மாமா குனிந்து அதைப் பார்த்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இது எத்தனாவது?"

"ஆறாவது மாமா. அத்தை போட்டது."

"தராசை எடு."

"இப்ப எதுக்குங்க தராசு!" அத்தை அழ ஆரம்பித்திருந்தாள்.

"எடுடி."

வீட்டில் ஒரு தட்டையான தராசு உண்டு. நான் அவர் தோளைத் தொடாமல், விழுந்தால் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நின்றேன். தொட்டால் எடை மாறும் என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. அறுபத்து நாலு புள்ளி மூன்று. மாமா அந்த எண்ணையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண் ஒரு தடவை மேலே உருண்டது. கணக்கு வந்துவிட்டது.

"பாலை எடுத்துட்டு," என்றார். மூச்சு வாங்கினார். "தண்ணிய ஊத்தியிருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"கேன் ரொம்பியிருக்குன்னு... ரசீது போட்டுட்டேன்." மூச்சு. "முப்பத்தோரு வருஷம்..." அந்த வாக்கியம் முடியவில்லை.

ஆட்டோவில் அவர் நடுவில் உட்கார்ந்தார். படுக்க வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் அறை பூட்டியிருக்கும். அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்துவிட்டு மெஷின்காரரின் வீட்டுக்குப் போன் செய்தார்கள். நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக அவர் கேட்கும் முதல் கேள்வி, "சார், எடை எவ்வளவு?" என்பது.

மாமாவே சொன்னார். முகமூடிக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. "அறுபத்திரண்டு... தப்பு."

"தெரியும் சார். பேசாதீங்க."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"முடிஞ்சவரைக்கும்."

அந்தப் பதில் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. தலையை ஆட்டினார். இத்தனை வருடத்தில் அவர் காதில் விழுந்த, எண் இல்லாத முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. எடுத்த தண்ணீரின் அளவு திரையில் பச்சை எண்ணாக ஏறும். ஐநூறு மில்லி. எண்ணூறு. ஒன்று புள்ளி இரண்டு லிட்டர். மாமாவின் மூச்சு கொஞ்சம் தணிந்தது. அத்தை கம்பளியை அவர் காலில் போர்த்தினாள். இரண்டு புள்ளி ஒன்று என்று ஏறியபோது வேறு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. மெஷின்காரர் திரும்பினார், டாக்டர் ஓடிவந்தார், எங்களை வெளியே போகச் சொன்னார்கள். நீண்ட நாளாகக் கூடுதல் தண்ணீரைச் சுமந்த இதயம், தாங்கவில்லை என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து, மாமாவின் சிகிச்சைக் கோப்பையும் கம்பளியையும் வாங்கிவரப் போனேன். மெஷின்காரர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் அறுபத்திரண்டில் ஆறு போய்விட்டது. இரண்டு லேசாக இருந்தது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"டாக்டர் கணக்குப் பாத்தார். உண்மையான ட்ரை வெயிட் அம்பத்தேழரை இருந்திருக்கும்ங்கறார். நாலரை கிலோ சதை போயிருக்கு. அந்த இடத்துல நாலரை லிட்டர் தண்ணி. தராசு எப்படிச் சொல்லும்?" பஞ்சைத் தூக்கிப்போட்டார். "நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்."

நானும் ஏதாவது சொல்லியிருக்கணும் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார்.

"அம்பத்தெட்டு புள்ளி ஆறு," என்று அவரே படித்தார். "ஒண்ணு புள்ளி ஆறு லிட்டர் எடுங்க."

"இருங்க, இருங்க. இறங்குங்க. சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"பெல்ட் எத்தனாவது ஓட்டையில நிக்குது?"

"இதென்னய்யா புதுசா? தையல்கடை வெச்சிருக்கியா?"

"சொல்லுங்க பெரியவரே."

கோப்பும் கம்பளியும் ஒரு பையில், அன்றைக்கு மாமா போட்டிருந்த சட்டை, பேண்ட், பெல்ட் இன்னொரு பையில். வீட்டுக்கு வந்தபோது அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் பக்கத்தில் இருந்தது, கோடுகளோடு.

"என்ன சொன்னாங்க?"

சொன்னேன். முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். நாலரை லிட்டர் என்றதும் அவள் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு தண்ணிய நான் குடுக்கவே இல்லியேடா. அளந்துதானே குடுத்தேன். ஒரு வாய் கூடக் கேட்டார், நான் குடுக்கல."

"உங்க தண்ணி இல்ல அத்தை. நீங்க குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. மெஷின் அறுபத்திரண்டு வந்ததும் நிறுத்திடும். உள்ள சதை குறையக் குறைய, எடுக்காம விட்ட தண்ணி அங்க தங்கிடுச்சு. ரெண்டும் சேர்ந்து எடை ஒண்ணா காட்டிருச்சு."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பையிலிருந்து பெல்ட்டை உருவினாள். மூன்றாவது ஓட்டை பழகி நீண்டிருந்தது. ஆறாவதன் விளிம்பு இன்னும் கறுப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"நாலரை கிலோ," என்றாள். "என் கண்ணு முன்னாடிதானே இருந்தார். எந்த வழியாப் போச்சு?"